பூட்டிய வீட்டின் முறை

எங்கள் ஹினோசேயில் ஊர்த்தலைவர் பதவி மனிதர்களைத் தேடி வராது, வீடுகளைத் தேடித்தான் வரும். கோயிலை ஒட்டிய வீட்டில் தொடங்கி வலப்பக்கமாக, வருஷத்துக்கு ஒரு வீடு என்று சுற்றும். அந்த வீட்டில் இருப்பவர் குடிகாரரோ கோள்மூட்டியோ, அந்த வருஷம் அவர்தான் தலைவர். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் முறை இவாமுரோ தொகுஜி அண்ணன் வீட்டுக்கு வந்தது. அதற்கு அடுத்தது கொல்லன் வீடு. கொல்லுலை எந்தக் காலத்திலோ அணைந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொகுஜி அண்ணனின் வருஷம் முடிகிற குளிர்காலத்தில் அந்த வீட்டில் தனியாக இருந்த விதவையம்மா கண்ணை மூடினார். பிள்ளைகள் மூவரும் நகரங்களிலிருந்து வந்தார்கள், காரியத்தை முடித்தார்கள், கதவைப் பூட்டிச் சாவியைத் தொகுஜி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வசந்தகாலக் கூட்டத்தில்தான் சிக்கல். பூட்டிய வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீட்டை ஊரைவிட்டே தள்ளிவைத்ததாக ஆகிவிடாதா? நாளைக்கே பிள்ளைகளில் ஒருவர் திரும்பி வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? எல்லோரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தோம். "கொல்லன் வீடு திறக்கிற வரைக்கும் தொகுஜியே பாதுகாப்பா வச்சிருக்கட்டுமே" என்று ஒரு குரல் வந்தது. "சரி" என்றார் தொகுஜி அண்ணன். பதவி ஒன்பது வருஷமாக அவரிடமே பாதுகாப்பாக இருந்தது. கொல்லன் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. ஆகவே ஊர் வழக்கத்தைக் கட்டிக் காப்பதில் எனக்கும் என் வீட்டுக்காரர் கோஹேக்கும் இருந்த அக்கறை கொஞ்சநஞ்சமல்ல.

நான் ஹட்சுமி. வீட்டு முன்னறையில் ஒரே ஒரு நாற்காலி போட்டு ஊராருக்கு முடி வெட்டுகிறேன். தொகுஜி அண்ணனின் தலை எனக்கு அத்துப்படி. உச்சியில் இரண்டு சுழி. அடங்காத ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மனிதருக்கு வாயில் ஒரே ஒரு சொல்தான் உண்டு, அது "சரி". அண்ணன்மார் இருவரும் ஊரைவிட்டுப் போனபோது நிலத்தைப் பார்க்க நீ இருக்கிறாயா என்றார்கள், சரி என்றார். பேரிக்காய் தரம்பிரிக்கும் கூடத்தில் மேற்பார்வை, தீயணைப்புப் படை, பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம், கோயில் நிர்வாகம், எல்லாவற்றுக்கும் சரி. பெண் பார்த்திருக்கிறோம், யசுயே என்று பெயர் என்றார்கள். அதற்கும் சரிதான் சொல்லியிருப்பார்.

அந்த யசுயே அண்ணி, கோபேயில் மகளுக்குப் பிரசவம் என்று போனவர். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, இப்போது முதுகில் தோல்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. அண்ணி மகள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தத்தில், "தலைவர் வேலை முடிஞ்சதும் நீங்களும் அங்க வந்துடுங்க" என்று எங்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். தொகுஜி அண்ணன் அந்தச் சொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான், பதவியைக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியிடம் போய்ச் சேருவது.

"முறை மட்டும் கைமாறட்டும் ஹட்சுமி, மறுநாளே கிளம்பிடுவேன்" என்பார் நாற்காலியில் உட்கார்ந்ததும். கோபேயில் குளிர் குறைவு என்று அரைக்கைச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அண்ணிக்குப் போன் செய்வார். "அவசரப்படாதீங்க, ஊர் வேலைதான் முக்கியம்னு சொல்றா. எவ்வளவு புரிஞ்சுக்கிறா பாத்தியா!" என்று பெருமைப்படுவார். எனக்கு லேசாக உறைத்தது. ஆனால் எங்கள் ஊரில் உறைத்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆக, பதவி கைமாற வேண்டுமானால் கொல்லன் வீட்டுக்குள் ஓர் ஆள் குடிவர வேண்டும். நகராட்சி அப்போதுதான் காலி வீடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட ஆரம்பித்திருந்தது. தொகுஜி அண்ணன் ஊரிலேயே முதல் ஆளாகப் போய்க் கொல்லன் வீட்டைப் பதிந்தார். கூரை தொங்குகிற பக்கம் தெரியாதபடி, செர்ரி பூத்திருந்த வாரமாகப் பார்த்துப் படம் எடுத்தார். அந்தப் பூவை நம்பி ஒசாகாவிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. குளியலறையில் பூரானைப் பார்த்ததும் செருப்பைப் பாதி மாட்டியபடியே காருக்கு ஓடியது. அதன் பிறகு யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு வெளிநாட்டுக்காரர் போன் செய்தார். இதே தொகுஜி அண்ணன்தான் முன்னொரு காலத்தில், கீழே மரமறுக்கும் ஆலைக்கு வியட்நாம் பையன்கள் வந்தபோது, "அந்நியருக்குக் குப்பை பிரிக்கத் தெரியாது" என்று கூட்டத்தில் கவலைப்பட்டவர். போனை வைத்ததும் என் கடைக்கு ஓடிவந்தார்.

"இந்தக் காலத்துல ஒழுங்கா இருக்கிறது வெளிநாட்டுக்காரங்கதான் ஹட்சுமி. நம்ம ஆளுங்களுக்குத்தான் ஒழுக்கமே போச்சு."

"நேத்து வரைக்கும் வேற சொன்னீங்களே அண்ணே."

"நேத்து எனக்கு யாரும் போன் பண்ணலையே!"

வந்தவர் பெயர் மோர்ட்டன். டென்மார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒசாகாவில் லிஃப்ட் பழுதுபார்ப்பவராகப் பல வருஷம் இருந்தவர். ஜப்பானியப் பேச்சை உடன் வேலை செய்தவர்களிடமும், குச்சியில் குத்திப் பொரித்த பலகாரம் விற்கும் கடைகளிலும் கற்றிருக்கிறார். வாயைத் திறந்தால் அசல் ஒசாகா கடைத்தெரு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் முகத்தைவிட அந்தப் பேச்சுதான் அந்நியமாக இருந்தது. நெட்டை ஆள், நிலைப்படியில் இடித்துக்கொள்வார் என்று நாங்கள் ஆவலாகக் காத்திருந்தோம். அவர் குனிந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டைக் காட்டும்போது தேநீர் எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். தொகுஜி அண்ணன் முந்தின நாள் முழுக்க அந்த வீட்டில் கிடந்தார். தூசி தட்டியிருந்தார், சிலந்திக்கூடு அடித்திருந்தார். பின்னறையில் தரையைப் பிளந்துகொண்டு மூங்கில் முளைத்திருந்தது. அதை அறுத்துவிட்டு, ஊர்க்கூடத்திலிருந்து கடன் வாங்கிய, பலகைபோல் தடித்த தரைப்பாயைப் போட்டு மூடியிருந்தார். மோர்ட்டன் அந்த அறையில் நாலடி நடந்தார், நின்றார், குதிகாலால் ஒரு தட்டு தட்டினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பாயின் ஓரத்தை நெம்பினார். அடியில் பச்சைப் பசேலென்று மூங்கில் கட்டைகள் வரிசையாக நின்றன.

தொகுஜி அண்ணனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. "அது வந்து... மண்ணு அவ்வளவு வளமான மண்ணு" என்றார்.

மோர்ட்டன் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. "இன்னா தலைவரே, நேத்து அறுத்த அறுப்பாட்டம் கீது! இன்னும் இன்னாலாம் மறைச்சு வச்சுக்கீறீங்க? ஒண்ணொண்ணா அவுத்து உடுங்க. நான் ஓட மாட்டேன்."

மாட்டிக்கொண்ட மனிதர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மேற்கு மூலையில் கூரை ஒழுகும். கக்கூஸ் பழைய குழிக் கக்கூஸ், மாதம் ஒருமுறை வண்டி வந்து உறிஞ்ச வேண்டும். பின்பக்கம் காட்டுப்பன்றி வரும். பனிக்காலத்தில் கதவு பாதி புதைந்துவிடும். சொல்லச் சொல்ல மோர்ட்டன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. எனக்கு வாய் நமநமவென்றது. எவ்வளவு நேரம்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது?

"முக்கியமானதை முழுங்கிட்டீங்களே அண்ணே! இந்த வீட்டை வாங்குறவரு ஊர்த்தலைவர் ஆகணுங்க. அடுத்த முறை இந்த வீட்டோடது."

தொகுஜி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். மோர்ட்டன் யோசித்தார். "தலைவரே, அதான் இவ்ளோ அவசரமா? உங்களுக்கு அந்த வேலை பேஜாரா?"

"வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. என் சம்சாரம் கோபேல இருக்கா. வேலை முடிஞ்சா வாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா." குரல் கம்மியது. "ஏழு வருஷமாச்சு."

அந்த நெட்டை மனிதர் பாயைத் திரும்ப அதன் இடத்தில் பொருத்தி, காலால் அழுத்திவிட்டார். "கொட்டகை பெருசா கீது. எனக்கு அதான் வேணும்" என்றார். கொட்டகைக்காக வாங்கினாரா தொகுஜி அண்ணன் குரலுக்காக வாங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாங்குகிறவர் கிடைத்துவிட்டால் போதுமா? விற்கிறவர்கள் வேண்டாமா? வீடு இன்னும் அந்தப் பிள்ளைகளின் செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருந்தது. விற்பனைப் பத்திரத்தில் மூன்று பிள்ளைகளும் முத்திரை வைக்க வேண்டும். தொகுஜி அண்ணன் பேரிக்காய்ப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். நகோயாவில் பல் டாக்டராக இருக்கும் மூத்தவர், "வெளிநாட்டுக்காரருக்கு வித்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று இழுத்தாராம். "நான்தான் ஊர்" என்றாராம் தொகுஜி அண்ணன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது என்று கேட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஹிரோஷிமாவில் இருக்கும் மகள் பெற்றோரை நினைத்து வணங்கும் பூஜைப்பேழையை மட்டும் முறைப்படி கோயிலில் சேர்க்கச் சொல்லி அழுதுவிட்டு முத்திரை வைத்தாள். கடைசிப் பையன் எதுவும் கேட்கவில்லை, பேரிக்காயை நறுக்கித் தின்றுகொண்டே வைத்தானாம். ஒரு பழைய கார் விலைக்கு வீடு கைமாறியது.

மோர்ட்டன் இலையுதிர்காலத்தில் குடிவந்தார். வந்த அன்றே, புதுக்குடி வருபவர்கள் செய்கிற வழக்கப்படி, வீடு வீடாகத் துண்டு கொடுத்து வணக்கம் வைத்தார். குப்பையை எங்களைவிட ஒழுங்காகப் பிரித்தார். பாட்டில் மூடியை ஒரு பையிலும் பாட்டிலின் லேபிளை வேறு பையிலும் போட்டிருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. தொகுஜி அண்ணன் பனி உருகுவதற்காக ஒவ்வொரு நாளும் காத்திருந்தார்.

வசந்தகாலக் கூட்டம் வந்தது. பதவி கொல்லன் வீட்டுக்குப் போகிற நாள். மோர்ட்டன் மடக்க முடியாத காலை மடக்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தொகுஜி அண்ணன் ஊர்க்கூடத்துச் சாவியை மேசைமேல் எடுத்து வைத்தார். அப்போது ஒக்குமா பெரியவர் தொண்டையைக் கனைத்தார். ஊரில் அவர் கனைத்தால் நல்லதுக்கில்லை.

"புதுசா வந்திருக்காரு. தூர தேசத்துக்காரரு. வந்ததும் வராததுமா அவர் தலையில பாரத்தை ஏத்துறது மரியாதையா இருக்குமா?"

"இல்ல இல்ல" என்று கோப்பைகளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் முனகினோம்.

"ஊர் கொஞ்சம் பழகட்டும். ஒரு அஞ்சு வருஷம் போகட்டுமே. அது வரைக்கும் நம்ம தொகுஜி..."

அந்நியர் தலைவராக வேண்டாம் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே! எல்லாம் மரியாதைதான். நாங்கள் ஓர் ஆளை ஓரங்கட்ட வேண்டுமென்றால் பட்டுத் துணியில்தான் சுற்றுவோம். தொகுஜி அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய உதடு குவிந்தது. அந்தப் பாழாய்ப்போன "சரி" வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என் வாயும் திறக்கவில்லை. கொல்லன் வீட்டுக்கு அடுத்தது எங்கள் வீடு என்பதை மறந்துவிடாதீர்கள்.

மோர்ட்டன் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "ஒண்ணு கேக்கட்டா? முறை ஆளுக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்" என்றார் ஒக்குமா பெரியவர்.

"அப்ப வீடு புதுசா? அது நூறு வருஷமா இங்கதானே குந்தினு கீது?"

ஒக்குமா பெரியவர் இன்னொரு முறை கனைத்தார், ஆனால் பின்னால் சொல் எதுவும் வரவில்லை. எங்கள் வழக்கத்தை எங்களிடமே திருப்பிக் காட்டிவிட்டார் மனிதர். சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் தொகுஜி அண்ணன் நேராக என் கடைக்கு வந்தார். முடியை வெட்டச் சொன்னார், சாயமும் பூசச் சொன்னார். "நல்லா கருப்பா அடி. அவ போனப்ப கருப்பாத்தான் இருந்துச்சு" என்றார். சாயம் ஊறிக்கொண்டிருக்கும்போதே கோபேக்குப் போன் போட்டார். அவருக்குக் காது மந்தம், அதனால் அண்ணியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"யசுயே! முடிஞ்சுது! கைமாத்திட்டேன்!"

"ஓ, அப்படியாங்க. ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க." என்றார் அண்ணி. "ஆனா பாவம், வேத்து தேசத்துக்காரரு. அவரைத் தனியா தவிக்க விட்டுட்டு வந்துட முடியுமா? ஒரு வருஷம் கூட இருந்து பழக்கிவிட்டுட்டு வாங்களேன்."

"அதுவும் சரி" என்றார் தொகுஜி அண்ணன். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "முகம் தெரியாத ஆளுக்காகக்கூட எப்படி யோசிக்கிறா பாரு! அவ மனசே மனசு." நான் சாயத்தைக் கழுவினேன். வேறு என்ன செய்வது?

பழக்கிவிடுவதற்கு மோர்ட்டனிடம் ஒன்றுமே இல்லை. காக்கைகள் கிழிக்காமலிருக்கக் குப்பைமேல் போடும் வலையைக் குனிந்து குனிந்து இழுத்துக்கொண்டிருந்தோம். அவர் பழைய லிஃப்ட் கப்பி ஒன்றை மாட்டினார், ஒரு விரலால் இழுத்தால் வலை எழும்பிவிட்டது. அணைந்த தெருவிளக்குகள் எரிந்தன. கூட்டங்கள் பாதி நேரத்தில் முடிந்தன, ஏனென்றால் யாராவது இழுத்தால் "அதுக்கு ஆமாவா, இல்லையா?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவார். அதற்குப் பயந்து பாதிப் பேர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆனாலும் தொகுஜி அண்ணன் காலையில் எழுந்ததும் கொல்லன் வீட்டுக்குப் போய்விடுவார், பழக்க.

பேரிக்காய் அறுவடை முடிந்த சமயம் மோர்ட்டன் அவரிடம் கேட்டேவிட்டார். "தலைவரே, நீங்க எப்ப கோபே போறீங்க?"

"நான் இப்ப தலைவர் இல்லப்பா. ஒரு வருஷம் உன்னைப் பழக்கச் சொல்லியிருக்கா."

"நான் எப்பவோ பழகிட்டேன். கெளம்புங்க. சொல்லாம கொள்ளாம போய் நில்லுங்க. குஷியாயிடுவாங்க."

தொகுஜி அண்ணன் கிளம்பிவிட்டார். அரைக்கைச் சட்டை, கையில் பேரிக்காய்ப் பெட்டி, தோளில் பெரிய பை. மிச்சச் சாமானைப் பிறகு ஆள் வைத்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் பேருந்துக்கு ஊரே வந்து கையசைத்தது. ஒக்குமா பெரியவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே கடைசிப் பேருந்தில் பெரிய பையோடு அவர் திரும்பி வந்து இறங்கினார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். வழியில் பார்த்தவர்கள் "இன்னைக்குக் குளிருது" என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் காலை கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முடி வெட்ட அப்போது தேவையே இல்லை. மோர்ட்டன் தன் முறைக்காகச் சுவரோரம் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். நான் துணியைப் போர்த்திவிட்டு, "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்றேன்.

"நல்லா இருக்கா. பேரிக்காய் இனிப்பா இருக்குன்னு சொன்னா. டீ குடுத்தா." போர்த்திய துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "தட்டு வச்சு, மூடி போட்டுக் குடுத்தா."

என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. வீட்டு மனிதர்களுக்கு எங்களிடம் ஆளுக்கொரு கோப்பை உண்டு. விளிம்பு உடைந்திருந்தாலும் அதில்தான் ஊற்றுவோம். அடியில் தட்டும் மேலே மூடியுமாகத் தேநீர் வருவது விருந்தாளிக்கு. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய புருஷனுக்கு அப்படி வைப்பதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

"சூப்பர் மரியாதை! நல்லதுதானே?" என்றார் மோர்ட்டன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி.

"அது விருந்தாளிக்கு வைக்கிறதுங்க" என்றேன்.

அவர் பத்திரிகையை மூடினார். "அப்ப, இங்க இருக்க வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"சேச்சே, அப்படி எல்லாம் சொல்லல. இருட்டுறதுக்குள்ள ஊருக்குப் பஸ் இருக்கான்னு விசாரிச்சா" என்றார் தொகுஜி அண்ணன்.

"நீங்க கேட்டீங்களா?"

"எதை?"

"நான் வந்து கூட இருக்கட்டுமா, வேணாமான்னு."

தொகுஜி அண்ணன் கண்ணாடி வழியாக என்னைத் துணைக்கு அழைப்பது மாதிரி பார்த்தார். "அதை எல்லாம் யாராவது கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள்தான். எங்கள் அம்மா கேட்டதில்லை, நான் கோஹேயிடம் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கறுப்புச் சாயத்துக்கு அடியில் வெள்ளை முளைவிட்ட தலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டுடுங்க அண்ணே" என்றேன். "தொலையட்டும், கேட்டுடுங்க."

துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்துப் போன் போட்டார். அண்ணியின் குரல் அதே பூப்போல வந்தது. "பத்திரமா போய்ச் சேர்ந்தீங்களா? அங்க எல்லாரும் சௌக்கியமா?"

"யசுயே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் அங்க வந்து உன்கூட இருக்கட்டுமா, வேணாமா?"

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்... அங்க குளிர் ஆரம்பிச்சிருக்குமே."

"இருக்கட்டுமா, வேணாமா?"

அவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததே இல்லை. மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்தது வேறு குரல். இத்தனை காலம் ஒரே ஒரு வீடு தள்ளி இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"வேணாங்க."

தொகுஜி அண்ணன் போனை மறுகைக்கு மாற்றினார். அண்ணி தொடர்ந்தார்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்க. தீயணைப்புக்குச் சரின்னீங்க, கோயிலுக்குச் சரின்னீங்க, பள்ளிக்கூடத்துக்குச் சரின்னீங்க. என்னைக் கேட்டீங்களா? நீங்க வாயால சரின்னு சொல்லிடுவீங்க, அதை நான் கையால செய்யணும். ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கோப்பையையும் கழுவியிருக்கேன். இங்க ஒரே ஒரு கோப்பைதான். கழுவலைன்னாலும் கேக்க ஆளில்ல. எனக்கு இது போதும். உங்க மேல வெறுப்பு எல்லாம் இல்ல. ஆனா வராதீங்க."

"சரி" என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. "இத்தனை நாள் நான் கேக்காததுக்கு மன்னிச்சுக்கோ" என்றார். போர்த்திய துணியோடு, கையிலிருந்த போனைப் பார்த்து ஆழமாகக் குனிந்து வணங்கினார். வெட்டிய மயிர் மடியிலிருந்து தரையில் கொட்டியது. "கேட்டதுக்கு நன்றிங்க" என்றார் அண்ணி. அந்தப் பக்கம் அவரும் குனிந்திருப்பார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சீப்பைத் தேடினேன். மோர்ட்டன் எழுந்து வந்து அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கோவமா பேசுறா" என்றார் தொகுஜி அண்ணன் கண்ணாடியிடம். "நல்லா பேசுறா, இல்ல?" கொஞ்ச நேரம் கழித்துத் திடுக்கிட்டவர் போல நிமிர்ந்தார். "அடடா, ஞாயித்துக்கிழமை போன் பண்ணட்டுமா வேணாமான்னு கேக்க மறந்துட்டேனே!"

"கேளுங்க" என்றார் மோர்ட்டன்.

மறுபடி போட்டார். மறுபடி கேட்டார். அண்ணி யோசித்துத்தான் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வேணாங்க. அன்னைக்கு எனக்குப் பாட்டு வகுப்பு. இத்தனை வருஷமா நடுவுல எழுந்து வெளிய வந்துதான் உங்ககிட்ட பேசிட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பண்ணுங்க."

தொகுஜி அண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பாட்டா? யசுயே, நீ பாடுவியா?"